தனி ஆளாகக் கட்டிய அரண்மனைகளும் பிள்ளைகளின் கனவும்: உங்களுக்குப் பிடித்த கைவேலைக் கட்டுமானம் எது?

#1 நூல்குண்டு

பிரான்ஸில் ஓத்ரீவ் என்ற ஊரில் ஃபெர்டினான் ஷெவால் என்று ஒரு தபால்காரர் இருந்தார். 1879-ல், 43 வயதில், கடிதம் கொடுக்கப் போன வழியில் ஒரு கல் தடுக்கிவிட்டது. விநோதமான வடிவமாக இருக்கவே துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் இன்னும் சில கற்கள். சட்டைப்பை போதாமல் கூடை, கூடை போதாமல் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி. தினமும் முப்பது கிலோமீட்டர் நடை. அது முடிந்தபின் ராத்திரியில் விளக்கை வைத்துக்கொண்டு கட்டட வேலை. 1912-ல் முடித்தார். 33 வருடம், 26 மீட்டர் நீளத்துக்கு ஒரு அரண்மனை. அதில் மிருகங்கள், ராட்சத உருவங்கள், இந்துக் கோயில், மசூதி, மலைநாட்டு மரவீடு எல்லாம் தோளோடு தோள் நிற்கின்றன. கட்டடக்கலை படித்தவர் இல்லை. பத்திரிகைகளிலும் அஞ்சலட்டைகளிலும் பார்த்த படங்கள்தான் அவருக்குப் பாடப்புத்தகம்.

இதை என் மகளிடம் சொன்னேன். அரண்மனை எவ்வளவு உயரம் என்றெல்லாம் கேட்கவில்லை. "அந்த வண்டி என்ன ஆச்சு?" என்றாள். தள்ளுவண்டிக்கும் அரண்மனைக்குள்ளேயே ஒரு இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார் ஷெவால், இன்றைக்கும் இருக்கிறது என்றேன். அப்போதுதான் அவளுக்கு அந்த ஆள் மேல் மரியாதை வந்தது.

இந்த மாதிரி பிள்ளைகளைப் பிடித்து இழுத்த கட்டுமானங்கள் உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள். பெரிய கம்பெனிகள் இயந்திரம் வைத்துக் கட்டியது வேண்டாம். கையால் கட்டியது, ஆனால் ஆசை மட்டும் அளவுக்கு மீறியது.

#2 கம்பிவளைவு

நான் சைட்டில் கிடக்கிறவன். எனக்கு ஒரே பதில்தான்: வாட்ஸ் கோபுரங்கள்.

சைமன் ரோடியா இத்தாலியிலிருந்து அமெரிக்கா போன கூலித் தொழிலாளி. லாஸ் ஏஞ்சலஸில் வாட்ஸ் பகுதியில் 1921-ல் ஆரம்பித்து 1954 வரை தன் மனையில் தனியாகக் கட்டினார். உயரமான கோபுரம் கிட்டத்தட்ட 30 மீட்டர். வெல்டிங் கிடையாது, போல்ட் கிடையாது, ரிவெட் கிடையாது. இரும்பை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி வைத்து, கம்பியும் வலையும் சுற்றி, மேலே கலவையைக் கையால் அப்பியிருக்கிறார். பக்கத்தில் ஓடிய ரயில் தண்டவாளத்தில் செருகித்தான் கம்பியை வளைத்தாராம். எங்கள் ஆட்கள் பெஞ்சில் ஆணியடித்து வளைக்கிறார்கள், அதே டெக்னிக்.

எனக்கு இதில் பிடித்தது சாரம். அதாவது சாரம் கட்டாதது. கட்டி முடித்த வளையமே அடுத்த வளையத்துக்கு ஏணி. ஜன்னல் துடைக்கிறவர்கள் மாட்டும் இடுப்புப் பட்டையும் ஒரு கலவை வாளியுமாக அதிலேயே ஏறிப் போயிருக்கிறார். படத்தைப் பாருங்கள், ஒரு வளையத்துக்கும் அடுத்ததுக்கும் உள்ள இடைவெளி ஒரு குள்ளமான மனுஷனுக்குக் கை எட்டும் தூரம். டிராயிங் இல்லாமலே அளவு எப்படி வந்தது என்பதற்கு அதுதான் பதில்.

மேலே பதித்திருப்பதெல்லாம் உடைந்த தட்டு, ஓடு, கிளிஞ்சல், பச்சை பாட்டில் துண்டு. தெருப் பிள்ளைகள் உடைந்த சாமான்களைப் பொறுக்கிக்கொண்டு வந்து கொடுத்திருக்கிறார்கள்.

நகர நிர்வாகம் இது ஆபத்து, இடிக்க வேண்டும் என்றது. 1959-ல் சோதனை வைத்தார்கள். பக்கவாட்டில் 10,000 பவுண்ட் விசை. கோபுரம் அசையவில்லை, சோதனைக்கு வைத்த இரும்புதான் வளைந்தது. ரோடியா அப்போது அங்கே இல்லை. 1955-லேயே இடத்தைப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார், திரும்பிப் பார்க்கவும் வரவில்லை.

#3 சந்தேகராமன்

இரண்டு பதிவும் சுவாரசியம். ஆனால் ஒரே அச்சில் வார்த்த கதைகள். ஒரு ஆண், தனி ஆள், முப்பது வருஷம், ஊர் சிரித்தது, பிறகு ஊர் கும்பிட்டது. வீட்டில் மற்றவர்கள் அந்த முப்பது வருஷம் என்ன செய்தார்கள் என்று யாரும் எழுதுவதில்லை. இதே மாதிரி ஆரம்பித்துப் பாதியில் இடிபட்டவை எத்தனையோ, அவையும் இழைக்குள் வராது.

தசரத் மாஞ்சியை எடுத்துக்கொள்ளுங்கள், எப்படியும் யாராவது சொல்லத்தான் போகிறீர்கள். பீகாரில் கெலௌர் மலையை 1960 முதல் 1982 வரை சுத்தியலும் உளியுமாகக் குடைந்து 110 மீட்டர் நீளத்துக்கு வழி வெட்டினார். பிள்ளைகளுக்கு இதை விடாமுயற்சிக் கதையாகச் சொல்கிறோம். ஒரு ஏழைத் தொழிலாளி 22 வருஷம் மலையை வெட்டுகிற அளவுக்கு அந்த ஊரை ஏன் கைவிட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால், அது பாதிக் கதை.

#4 ஆறாம்வகுப்பு டீச்சர்

சந்தேகராமன் சார், மாஞ்சி பற்றி நீங்கள் சொன்னது சரி. நான் வகுப்பில் சொல்லும்போது இரண்டையும் சொல்கிறேன். பெரியவர்கள்தான் நெளிகிறார்கள், பிள்ளைகள் "ரோடு போடுறவங்க எங்க போனாங்க?" என்று தாங்களே கேட்டுவிடுகிறார்கள்.

ஆனால் ரோடியா விஷயத்தில் ஒரு சாட்சி இருக்கிறது. ஜாஸ் இசைக்கலைஞர் சார்லஸ் மிங்கஸ் வாட்ஸில் வளர்ந்தவர். சின்ன வயதில் அந்தக் கோபுரங்கள் எழும்புவதைப் பார்த்ததைத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அவர் நினைவில் நிற்பது உயரம் இல்லை. ரோடியா வேலைக்கு நடுவிலேயே எண்ணத்தை மாற்றிக்கொண்டே இருந்தார், பிடிக்காததை இடித்துவிட்டுத் திரும்பக் கட்டினார், இரண்டு மாடி உயரத்துக்கு எழுந்தது காணாமல் போய் மறுபடி எழும் என்கிறார்.

என் கட்சி இதுதான். முடிந்த கட்டடத்தைப் பார்க்கும் பிள்ளை "அம்மாடி" என்று வாயைப் பிளந்துவிட்டு நகர்ந்துவிடும். பாதியில் நிற்கிற கட்டடத்தைப் பார்க்கும் பிள்ளை, அடுத்த கல்லை எங்கே வைப்பார்கள் என்று யோசிக்கும். அந்த யோசனை வந்துவிட்டால் பாதிக் கொத்தனார் ஆகிவிட்டது.

இதற்காகவே நடக்கிற ஒரு வேலை உண்டு. பிரான்ஸில் பர்கண்டியில், திரென்யி பக்கத்துக் காட்டில், 1997-ல் கெதெலோன் என்ற கோட்டையைக் கட்ட ஆரம்பித்தார்கள். 13-ஆம் நூற்றாண்டில் எப்படிக் கட்டியிருப்பார்களோ அப்படி. கல் அங்கேயே உடைக்கிறார்கள், மரம் அந்தக் காட்டிலேயே, சுண்ணாம்புக் கலவை. பாரம் தூக்குவதற்குப் பெரிய மரச்சக்கரம், அதற்குள் ஆள் நடந்தால் சக்கரம் சுற்றிக் கயிறு மேலேறும். பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வந்து பார்ப்பது, முடியாத கோட்டையை.

அங்கே கொத்தனார்கள் வைத்திருக்கும் கருவிகளில் ஒன்று முடிச்சுக் கயிறு. சம இடைவெளியில் 13 முடிச்சு, நடுவில் 12 இடைவெளி. மூன்று, நான்கு, ஐந்து என்று மடக்கி இழுத்தால் செங்கோணம் விழும். இதை நான் மைதானத்தில் செய்ய வைத்தேன். மூன்று பேர் மூன்று மூலையைப் பிடித்து இழுக்க, நடுவில் ஒருவன் மூலமட்டத்தை வைத்துப் பார்த்தான். இம்மி பிசகாமல் உட்கார்ந்தது. பிதாகரஸை அதுவரை வேண்டாத விருந்தாளி மாதிரி பார்த்தவர்கள், கயிறை வாங்கிக்கொண்டு மைதானம் முழுக்க அறை அறையாகக் கோடு போட்டுவிட்டார்கள். அடுத்த வகுப்பு கணக்கு நடக்கவில்லை. அதைப் பற்றித் தலைமை ஆசிரியரிடம் பேச்சு வாங்கினேன், அது வேறு.

#5 மரத்தூள்

டீச்சர், அந்தக் கயிறு முடிச்சுப் போடும்போது சுருங்குமே? இடைவெளி மாறுமே?

#6 ஆறாம்வகுப்பு டீச்சர்

மாறும். முதலில் முடிச்சுகளைப் போட்டு, இறுக்கி, அப்புறம் ஒவ்வொன்றாக நகர்த்தி அளவு சரிசெய்ய வேண்டும். கயிறு நீளாததாக இருக்க வேண்டும், நைலான் வேண்டாம். பொறுமை இல்லாதவர்கள் முடிச்சுக்குப் பதில் பெயிண்ட் அடையாளம் வைக்கலாம், ஆனால் முடிச்சுதான் கைக்குத் தட்டுப்படும்.

#7 புதுசு_இங்கே

வணக்கம். ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், முதல் பதிவு. என் பையனுக்கு எட்டு வயது. மேசை மேல் வைக்கிற சின்ன அட்டைக் கோட்டை அருமையாகச் செய்கிறான். அதையே உள்ளே போய் உட்காருகிற அளவுக்குச் செய்ய வேண்டும் என்கிறான். செய்தால் சுவர் தொங்குகிறது, கூரை உட்காருகிறது. அழுகிறான். என்ன பண்ணலாம்?

#8 மரத்தூள்

முதலில் பையனிடம் இதைச் சொல்லுங்கள்: ரைட் சகோதரர்களுக்கும் இதே கதிதான்.

1878-ல் அவர்கள் அப்பா ஒரு பொம்மை வாங்கி வந்தார். மூங்கில், காகிதம், ரப்பர் பட்டை. முறுக்கிவிட்டால் கூரை வரைக்கும் பறக்கும். பிரெஞ்சுக்காரர் பெனோ வடிவமைத்தது. பையன்கள் இரண்டு பேரும் அது உடையும்வரை விளையாடிவிட்டு, தாங்களே செய்ய ஆரம்பித்தார்கள். சின்னது பறந்தது. பெரிதாகச் செய்யச் செய்யப் பறக்க மறுத்தது. இரண்டு மடங்கு அளவென்றால் எட்டு மடங்கு சக்தி வேண்டும் என்பது அந்த வயதில் அவர்களுக்குத் தெரியாது. சோர்ந்துபோய்ப் பட்டம் விடப் போய்விட்டார்கள். அதே பையன்கள்தான் 1903-ல்... மிச்சம் உங்களுக்கே தெரியும்.

உங்கள் பையன் கோட்டையிலும் அதே கணக்கு. நீளம், அகலம், உயரம் மூன்றும் இரண்டு மடங்கு ஆனால் எடை எட்டு மடங்கு. தாங்குகிற சுவரின் குறுக்குவெட்டு நாலு மடங்குதான். எட்டை நாலு சுமக்க வேண்டும். நீங்கள் இன்னும் மோசமாக, அட்டையின் தடிமனை மாற்றாமல் மற்றதை மட்டும் பெரிதாக்கியிருப்பீர்கள்.

இனி கைவேலை. அட்டைப்பெட்டி அட்டையை வெட்டுவாயில் பாருங்கள், நடுவில் அலை அலையாக ஓடும். சுவருக்கு அந்த அலைக்குழாய் நெட்டுக்குத்தாக நிற்க வேண்டும். படுத்துக் கிடந்தால் அங்கேயே மடியும். தட்டையான சுவரை நம்பாதீர்கள். இரண்டு அடிக்கு ஒரு இடத்தில் மடித்து மூலை வைத்துவிடுங்கள், எல் வடிவம், பெட்டி வடிவம். கூரைக்கு அட்டைப் பலகை வேண்டாம். முக்கோணமாக மடித்து ஒட்டிய உத்திரங்களைக் குறுக்கே போட்டு அதன்மேல் மெல்லிய அட்டை. துணிக்கடைகளில் துணி சுற்றி வரும் காகித உருளை கிடைத்தால் அதுதான் தூண், ஆள் ஏறி நின்றாலும் தாங்கும். செலோடேப்பை நம்பி எதையும் தொங்கவிடாதீர்கள். இரண்டு பக்கமும் ஓட்டை போட்டு நூல்கயிறால் தைத்துவிடுங்கள்.

வெட்டுவது மட்டும் நீங்கள். மடிப்பது, தைப்பது அவன்.

#9 சந்தேகராமன்

> வெட்டுவது மட்டும் நீங்கள்.

இங்கேதான் ஆரம்பிக்கிறது. முதலில் வெட்டுவது அப்பா, பிறகு ஒட்டுவதும் அப்பா, கடைசியில் பையன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வான். அறிவியல் கண்காட்சிகளில் நான் நடுவராக உட்கார்ந்திருக்கிறேன். எரிமலை செய்தது யார் என்று பிள்ளையின் நகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். பெயிண்ட் இருக்காது.

#10 மரத்தூள்

நகம் பார்க்கிற நடுவர்! கும்பிடுகிறேன் சார்.

சரி, எட்டு வயதுக்கு அட்டைக்கத்தி நான் கொடுக்க மாட்டேன். ஆனால் ரம்பம் கொடுப்பேன். முக்கால்வாசிப் பேர் இதில் தலைகீழ். கத்தி வழுக்கினால் எங்கே போகும் என்று தெரியாது. ரம்பத்துக்கு மரத்தைப் பட்டறைப் பிடியில் இறுக்கிவிட்டு, இரண்டு கையும் கைப்பிடியில் இருந்தால், விரல் பல்லுக்கு வர வழியே இல்லை. இழுக்கும்போது வெட்டுகிற ஜப்பானிய ரம்பம் பிள்ளைகளுக்கு இன்னும் லேசு. தள்ளும்போது தகடு நெளிவது இருக்காது. கையால் சுற்றும் துளைக்கருவியும் அப்படியே.

#11 வால்நட்சத்திரம்

நான் கொஞ்சம் வேறு பக்கம் போகிறேன். கட்டுமானம் என்றால் வீடு, கோபுரம்தானா? தொலைநோக்கியும் கட்டுவதுதான்.

ஜான் டாப்ஸன் என்று ஒரு துறவி, கலிஃபோர்னியாவில் ராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்தவர். கப்பல் ஜன்னலிலிருந்து கழற்றிய வட்டக் கண்ணாடியைத் தேய்த்து, தொலைநோக்கிக்குள் ஒளியைக் குவிக்கிற ஆடி செய்தார். குழாய்க்குத் தடித்த அட்டை உருளை, தாங்கிக்கு மரப்பெட்டி. மடத்துக்கு வெளியே போய் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு நிலாவைக் காட்டிக்கொண்டே இருந்ததில் மடத்து வேலை கெட்டது. 1967-ல் வெளியே அனுப்பிவிட்டார்கள். 1968-ல் சான்ஃபிரான்சிஸ்கோ நடைபாதையில் தொலைநோக்கியை நிறுத்தி, போகிறவர் வருகிறவரைக் கூப்பிட்டுச் சனிக்கிரகம் காட்ட ஆரம்பித்தார். இன்று உலகம் முழுக்க அமெச்சூர்கள் வைத்திருக்கும் அந்த மரப்பெட்டித் தாங்கிக்கு டாப்ஸோனியன் என்றே பெயர்.

ஆடி தேய்ப்பது பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஒரே அளவில் இரண்டு வட்டக் கண்ணாடி. ஒன்றை மேடையில் இறுக்கிவிட்டு, மேலே கார்போரண்டம் என்ற கரடான தேய்ப்புத் தூளும் தண்ணீரும் தெளித்து, இன்னொன்றை அதன்மேல் வைத்து முன்னும் பின்னும் தேய்க்க வேண்டும். கொஞ்சம் திருப்பு, மேடையைச் சுற்றி ஒரு அடி நகர், மறுபடி தேய். முதலில் கரகரவென்று மணல் அரைக்கிற சத்தம். தூள் நைந்ததும் சத்தம் அடங்கி வழவழப்பாகிவிடும், அப்போது புதுத் தூள். இப்படியே போனால் மேலே இருப்பது தானாகக் குழியும், கீழே இருப்பது தானாகப் புடைக்கும். அச்சு வேண்டாம், இயந்திரம் வேண்டாம். 150 மில்லிமீட்டர் ஆடி, 1200 மில்லிமீட்டர் குவியத்தூரம் (ஆடியிலிருந்து ஒளி குவியும் இடம் வரை) என்றால் நடுவில் தோண்ட வேண்டியது ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல், அவ்வளவே. கேட்டதும் பிள்ளைகள் "இவ்வளவுதானா" என்பார்கள். தேய்க்க ஆரம்பித்த பிறகு சொல்ல மாட்டார்கள்.

தூளை நைஸாக்கிக்கொண்டே போய்க் கடைசியில் கீல் பூசிய தட்டில் மெருகு. அதற்குப் பிறகுதான் விளையாட்டு. இருட்டறையில் ஊசித்துளை விளக்கு ஒன்று, சவரப் பிளேடு ஒன்று. பிளேடு ஒளியை வெட்டும்போது ஆடியின் மேடு பள்ளமெல்லாம் நிழலாகத் தெரியும். ஃபூக்கோ சோதனை. ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு மேடு இருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு சிறுமியை ஆடியின்மேல் கட்டைவிரலைச் சற்று நேரம் வைத்தெடுக்கச் சொன்னேன். விரல் சூட்டில் கண்ணாடி வீங்கி, அந்த இடத்தில் ஒரு குன்று நின்றது. மெல்ல மெல்ல ஆறி மறைந்தது. கண்ணாடி கல் மாதிரி அசையாது என்று நினைத்திருந்த பெண். அன்றைக்கு நிலாவைக்கூடப் பார்க்கவில்லை, எல்லார் விரலையும் வைக்கச் சொல்லி யார் சூடு அதிகம் என்று சோதித்துக்கொண்டிருந்தாள்.

#12 கம்பிவளைவு

அக்கா, இதற்குத் தனி இழையே போடலாம். அந்தக் கட்டைவிரல் விஷயம் சத்தியமா எனக்குத் தெரியாது.

#13 நூல்குண்டு

சந்தேகராமன் சொன்ன "அப்பா செய்த புராஜெக்ட்" பற்றி ஒன்று. 1943-ல் டென்மார்க், ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலம். சோரென்சென் என்ற தோட்டக்கலை வடிவமைப்பாளர் அழகழகாக விளையாட்டுத் திடல்கள் போட்டவர். பிள்ளைகள் அவற்றை விட்டுவிட்டுக் கட்டட வேலை நடக்கிற இடத்துக்கு ஓடுவதைக் கவனித்திருந்தார். கோபன்ஹேகன் பக்கம் எம்ட்ருப்பில் பலகை, செங்கல், பழைய சாமான், சுத்தியல், ஆணி எல்லாவற்றையும் போட்டு ஒரு குப்பைத் திடல் திறந்தார்கள். பிள்ளைகளே குடிசை கட்டினார்கள், இடித்தார்கள், தோண்டினார்கள். உடன் இருந்த பெரியவரின் வேலை, கேட்டால் உதவுவது. போருக்குப் பிறகு பிரிட்டனிலிருந்து, பிள்ளைகள் நலனுக்காகப் பாடுபட்ட லேடி ஆலன் வந்து பார்த்துவிட்டு, அங்கே குண்டு விழுந்து கிடந்த வெற்றிடங்களில் இதையே ஆரம்பித்து வைத்தார். அந்த வகைத் திடல்கள் இன்றும் பல நாடுகளில் நடக்கின்றன. அங்கே கட்டுகிற எதுவும் பார்க்க லட்சணமாக இருக்காது. அதனாலேயே எனக்குப் பிடிக்கும்.

#14 அரைச்சுவர்

நேக் சந்த் பெயரை இன்னும் யாரும் சொல்லவில்லையே, ஆச்சரியம்.

சண்டிகர், கட்டடக்கலைஞர் லே கொர்புசியே போட்ட திட்டத்தில் எழுந்த நகரம். அதற்காகப் பல கிராமங்கள் இடிக்கப்பட்டன. அங்கே சாலை ஆய்வாளராக இருந்த நேக் சந்த் 1957 முதல், காட்டுக்குள் யாருக்கும் தெரியாமல், அந்த இடிபாடுகளை சைக்கிளில் சுமந்துபோய்ச் சேர்த்தார். உடைந்த வளையல், பீங்கான், ஓடு, மின்சாமான். ஆட்கள், பறவைகள், குரங்குகள் என்று ஒரு ராஜ்யமே செய்துவிட்டார். எழுபதுகளின் நடுவில் அதிகாரிகள் கண்டுபிடித்தபோது சட்டப்படி இடித்திருக்க வேண்டும். 1976-ல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள், அவருக்குச் சம்பளமும் ஐம்பது ஆட்களும் கொடுத்தார்கள். 2015-ல் இறந்தார்.

பிள்ளைகளோடு போனால் ஒன்று கவனிக்கலாம். பல வாசல்கள் குட்டையாக இருக்கும். பெரியவர்கள் குனிந்து நுழைவார்கள், பிள்ளைகள் ராஜா மாதிரி நிமிர்ந்து போவார்கள். ஒரு பக்கம் உலகப் புகழ் பெற்றவர் அளவெடுத்துப் போட்ட நகரம், இன்னொரு பக்கம் அந்த நகரத்தின் கழிவில் அனுமதி வாங்காமல் செய்த ஊர். எந்தப் பிள்ளையையும் கேளுங்கள், எதற்குப் போகலாம் என்று.

#15 சந்தேகராமன்

இது நல்ல உதாரணம்தான். ஆனால் மறுபடி தனி ஆள். பெரிய கனவு என்றாலே தனியாகக் காண வேண்டும் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்களோ என்பதுதான் என் கவலை. கூட்டாகச் செய்தது ஒன்றாவது சொல்லுங்கள்.

#16 ஆறாம்வகுப்பு டீச்சர்

கெதெலோன் கூட்டு வேலைதானே சார். சரி, இன்னும் இரண்டு.

பெருவில் கெஸ்வாசாக்கா என்ற தொங்குபாலம். அபுரிமாக் ஆற்றின்மேல், கிட்டத்தட்ட 28 மீட்டர், முழுக்கப் புல். வருஷத்துக்கு ஒருமுறை ஜூனில் சுற்றுவட்டாரக் குடும்பங்கள் கூடிப் பழையதை வெட்டி ஆற்றில் விட்டுவிட்டுப் புதிதாகக் கட்டுகின்றன. மெல்லிய புரியைப் பெண்கள் திரிக்கிறார்கள், அவற்றை முறுக்கித் தடித்த வடமாக்குவது ஆண்கள். ஒரு புரி ஒரு பிள்ளை இழுத்தாலும் அறும். 2013-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. கொள்ளைநோய்க் காலத்தில் புதுப்பிக்க முடியாமல் 2021-ல் பாலம் அறுந்து விழுந்தது. சில மாதத்தில் திரும்பக் கட்டிவிட்டார்கள். பாலம் போனாலும் கை மறக்கவில்லை.

இன்னொன்று மேகாலயாவின் வேர்ப்பாலங்கள். காசி, ஜெயந்தியா மக்கள் ரப்பர் ஆலமரத்தின் விழுதுகளை ஆற்றுக்குக் குறுக்கே இழுத்து விட்டுவிடுவார்கள். ஆள் நடக்கிற அளவுக்கு உறுதியாகப் பத்து, இருபது வருஷங்கள் பிடிக்கும். அதன் பிறகு வருஷத்துக்கு வருஷம் இன்னும் பலம் கூடும். இதைச் சொன்னால் வகுப்பில் முதல் கேள்வி, "அப்போ ஆரம்பிச்சவர் எப்படிப் போவார்?" அவர் இறங்கி நீந்தித்தான் போக வேண்டும் என்றேன். ஒரே சிரிப்பு.

#17 புதுசு_இங்கே

மரத்தூள் அண்ணே, அலை நெட்டுக்குத்தாக வைத்துத் திரும்பக் கட்டினோம். நிற்கிறது! கூரை இன்னும் போடவில்லை. நூலால் தைப்பது அவனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, தேவையில்லாத இடத்திலும் தைக்கிறான். ஆனால் இப்போது இரண்டு மாடி வேண்டுமாம்.

#18 மரத்தூள்

இரண்டாவது மாடியில் பொம்மை மட்டும் ஏறட்டும். இதில் சமரசம் கிடையாது.

இன்னொன்று, அது கிழிந்தால் பதறாதீர்கள். பால் மெக்ரெடி தெரியுமா? சின்ன வயதில் மாதிரி விமானம் செய்து ஜெயித்தவர். மனித பலத்தால் பறக்கும் விமானத்துக்கு 1959-ல் கிரெமர் பரிசு அறிவித்தார்கள். பல குழுக்கள் வருஷக்கணக்கில் இழைத்து இழைத்து அழகான விமானம் செய்தன. விழுந்தால் சரிசெய்யவே மாதக்கணக்கு. மெக்ரெடி அலுமினியக் குழாய், பியானோ கம்பி, மெல்லிய பிளாஸ்டிக் தாள், ஒட்டுநாடா வைத்துச் செய்தார். காலையில் விழுந்தால் சீக்கிரமே ஒட்டிவிட்டுத் திரும்பப் பறக்கவிடலாம். 1977-ல் பரிசு அவருக்கு. அடுத்து செய்தது 1979 ஜூன் 12-ல் ஆங்கிலக் கால்வாயைத் தாண்டியது, 2 மணி 49 நிமிடம், மிதித்தே. உங்கள் பையன் தைக்கிற நூலும் அந்த ஜாதிதான்: பிரிக்கலாம், மாற்றலாம்.

#19 சந்தேகராமன்

மெக்ரெடி எனக்குச் சம்மதம். பரிசுத் தொகை இருந்ததால்தான் இறங்கினார், கடன் இருந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். கனவு, தவம் என்றெல்லாம் பூசி மெழுகவில்லை. பிள்ளைகளுக்கு இதையும் சொல்லுங்கள்.

ஷெவால், ரோடியா பற்றி என் கருத்து அப்படியேதான் இருக்கிறது. பார்க்கப் பிடிக்கும். பின்பற்றச் சொல்ல மாட்டேன்.

#20 கம்பிவளைவு

யார் சார் பின்பற்றச் சொன்னது? எங்கள் சைட்டில் கம்பி கட்டுகிற பெரியவர் ஒருவரிடம் வாட்ஸ் கோபுரப் படத்தைக் காட்டினேன். கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "கவர் பத்தாதே, துரு பிடிக்குமே" என்றார். உண்மை. கம்பிக்கு மேல் கலவை மெல்லிசு, விரிசல் வழியாக ஈரம் போகிறது, அங்கே பராமரிப்பு வேலை ஓயாமல் நடக்கிறது. அவர் பையன் பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "ஏறலாமாப்பா?" என்றான். இரண்டு பேருமே சரியான கேள்விதான் கேட்டார்கள்.

#21 ஆறாம்வகுப்பு டீச்சர்

வால்நட்சத்திரம் மேடம், உங்களிடம் ஒரு உதவி. வரும் ஆண்டு ஒரு ஆடி தேய்த்துப் பார்க்கலாம் என்று இருக்கிறோம். 150 மில்லிமீட்டருக்குக் கண்ணாடி எவ்வளவு தடிமன் வேண்டும்? ஜன்னல் கண்ணாடி ஆகுமா? பிள்ளைகள் தூளை மூச்சில் இழுத்துவிடுவார்களோ என்றும் பயம்.

#22 வால்நட்சத்திரம்

ஜன்னல் கண்ணாடி ரொம்ப மெல்லிசு, தேய்க்கும்போதே நெளியும். விட்டத்தில் ஆறில் ஒரு பங்கு என்பது பழைய கணக்கு, அதாவது 25 மில்லிமீட்டர். கொஞ்சம் குறைந்து 19 இருந்தாலும் அந்த அளவு ஆடிக்குச் சமாளிக்கலாம். விளிம்பைத் தேய்த்து மழுக்காமல் ஆரம்பிக்காதீர்கள், ஓரம் சில்லு பெயர்ந்தால் ஆடி முழுக்கக் கீறிவிடும்.

தூள் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும், காய்ந்த தூளைத் தட்டவோ பெருக்கவோ கூடாது, ஈரத்துணியால் துடைக்க வேண்டும். டப்பாவைத் திறந்து எடுப்பது நீங்கள் மட்டும், முகமூடியோடு. முக்கியமானது இது: ஒரு தூளிலிருந்து அடுத்த நைஸ் தூளுக்குப் போகும்போது மேடை, வாளி, கை, சட்டைக் கை எல்லாம் கழுவ வேண்டும். பழைய கரடுத் தூளில் ஒரே ஒரு மணி நகத்தில் ஒட்டியிருந்தாலும் கீறல் விழும். அதனால் கழுவினார்களா என்று பார்க்க ஒரு ஆள் போடுங்கள். சந்தேகராமன் சார் நகம் பார்ப்பதில் கைதேர்ந்தவர் என்று நினைக்கிறேன்.